வண்டிக்கு என்ன கோளாறு? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே வருத்தம்தான்: பார்ட்ஸ் மாற்றியாகிவிட்டது, பணமும் கொடுத்தாகிவிட்டது, கோளாறு மட்டும் அப்படியே இருக்கிறது. ஆதம்பாக்கத்தில் ஒர்க்‌ஷாப் நடத்தும் எனக்கு இது தினமும் பார்க்கிற காட்சி. எங்கள் ஷெட்டுக்கு வரும் வண்டிகளில் பல, வேறு எங்கோ புதுப் பார்ட்ஸ் போட்டுக்கொண்டு பழைய கோளாறோடு வருபவை. கோளாறைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை, அதைச் சரிசெய்வது வேறு வேலை. இரண்டாவதை மெக்கானிக்கிடம் விட்டாலும், முதல் வேலையில் பாதியை வண்டி வைத்திருப்பவரே செய்துவிட முடியும். இந்த முறை அதற்கு உதவும் கடிதங்களாகத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். பெயர்களை விட்டுவிட்டேன், ஊர் மட்டும் இருக்கிறது.

கேள்வி: 2016 மாடல் பெட்ரோல் கார், நான்கு சிலிண்டர், 82,000 கி.மீ. ஓடியிருக்கிறது. பாடி மேம்பாலத்தில் ஏறும்போது பிக்கப் இல்லாமல் உதறுகிறது. அந்த நேரம் என்ஜின் லைட் விட்டுவிட்டு எரிகிறது, இறங்கியதும் நிலையாக எரிகிறது. நான்கு இன்ஜெக்டரையும் மாற்ற 26,000 ரூபாய் கேட்கிறார்கள். மாற்றலாமா? – அம்பத்தூர் வாசகர்

பதில்: என்ஜினுக்குப் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரை இப்போது தொட வேண்டாம். ஸ்கேன் போட்டார்களா, என்ன கோடு (கோளாறைச் சொல்லும் எண்) வந்தது என்ற விவரம் உங்கள் கடிதத்தில் இல்லை. அது தெரியாமல் இவ்வளவு பணத்தை எடுத்துக் கொடுக்காதீர்கள்.

முதலில் அவசரமான விஷயம். என்ஜின் லைட் நிலையாக எரிந்தால், வண்டி ஒழுங்காக ஓடும் பட்சத்தில், ஒன்றிரண்டு நாளில் காட்டிக்கொள்ளலாம். விட்டுவிட்டு எரிந்தால் அந்த நொடியே ஆக்சிலரேட்டரைத் தளர்த்துங்கள். ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் அப்படியே சைலன்சர் பக்கம் போகிறது என்று அர்த்தம். அது புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து கன்வெர்ட்டரையே கெடுத்துவிடும். ஒரு கோளாறோடு போனவருக்கு இரண்டு பில் வருவது இப்படித்தான்.

அப்புறம் கோடு. ஸ்டீயரிங்குக்குக் கீழே, டேஷ்போர்டின் அடியில் 16 பின் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். ஓபிடி போர்ட் என்பார்கள். அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்தே கட்டாயமானது, உங்கள் 2016 வண்டியில் கண்டிப்பாக இருக்கும். ஆயிரம் ரூபாய்க்கு முன்பின் கிடைக்கும் புளூடூத் கருவியை அதில் செருகி, போனில் ஒரு ஆப் போட்டால் கோடு தெரிந்துவிடும். பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங் (பெட்ரோல் சரியாக எரியாமல் போவது), பி0302 என்றால் இரண்டாவதில். பி0300 என்றால் ஒரு சிலிண்டரோடு நிற்காமல் மாறி மாறி வருகிறது. வந்த எண்ணை எழுதி வைக்கும் முன் அழித்துவிடாதீர்கள்.

பி0301 வந்ததாக வைத்துக்கொள்வோம். என்ஜின் நன்றாக ஆறட்டும். பெரும்பாலும் ஒவ்வொரு பிளக்குக்கும் மேலே, அதற்கு மின்சாரம் கொடுக்கும் ஒரு இக்னிஷன் காயில் உட்கார்ந்திருக்கும். பல வண்டிகளில் அதைப் பிடித்திருப்பது ஒரே ஒரு 10 எம்.எம். போல்ட். கனெக்டரின் லாக்கை அழுத்திக் கழற்றி, போல்ட்டை எடுத்து, காயிலை லேசாகத் திருகியபடி மேலே இழுங்கள். முதல் சிலிண்டர் காயிலை இரண்டாவதிலும், இரண்டாவதை முதலிலும் போடுங்கள். கோடை அழித்துவிட்டு அதே மேம்பாலத்தில் ஏறிப் பாருங்கள். இப்போது பி0302 வந்தால் குற்றவாளி காயில், அது ஒன்றை மாற்றினால் போதும். மறுபடியும் பி0301 வந்தால் காயில் நல்லது, அடுத்து பிளக்கை இதேபோல் இடம் மாற்றிப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால்தான் இன்ஜெக்டர், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) பக்கம் போக வேண்டும்.

காயிலைக் கழற்றியதும் இன்னும் இரண்டு இடங்களைப் பாருங்கள். பிளக் இருக்கும் குழிக்குள் ஆயில் தேங்கியிருந்தால் என்ஜினின் மேல்மூடியான டேப்பெட் கவரின் பேக்கிங் கசிகிறது. பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாக, பென்சிலால் இழுத்தது போல மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால், மின்சாரம் முனைக்குப் போகாமல் அந்த வழியே ஓடியிருக்கிறது. அப்போது பிளக்கோடு காயிலின் ரப்பர் உறையையும் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் கோளாறு திரும்பி வரும்.

மேட்டில் மட்டும் உதறுவதற்குக் காரணம் உண்டு. ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், பிளக் முனையில் பொறி தாண்டுவதற்கு அதிக வோல்டேஜ் வேண்டியிருக்கும். சோர்ந்துபோன காயில் சமதளத்தில் சமாளித்துவிட்டு, பாலத்தில் கைவிட்டுவிடும். அதனால்தான் என் சந்தேகம் முதலில் காயில், பிளக் மேல் போகிறது. பிளக் கடைசியாக எப்போது மாற்றியது என்று சர்வீஸ் புத்தகத்தையும் புரட்டிப் பாருங்கள்.

கேள்வி: கோயம்பேடு நெரிசலில் ஏசி போட்டு நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது. பைபாஸில் போனால் இறங்கிவிடுகிறது. ‘நம்ம ஊர் வெயிலுக்கு இது தேவையில்லை’ என்று மெக்கானிக் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிட்டார். இப்போதும் ஏறுகிறது, மைலேஜும் குறைந்துவிட்டது. – மொகப்பேர் வாசகர்

பதில்: வால்வைத் திரும்பப் போடச் சொல்லுங்கள். சென்னையில் பல ஷெட்களில் இந்தப் பழக்கம் இருக்கிறது, எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. வெயில் எவ்வளவு அடித்தாலும் என்ஜினுக்கு என்று ஒரு வேலைச் சூடு உண்டு, அந்தச் சூட்டில்தான் அது ஒழுங்காக எரிக்கும். அந்தச் சூடு வரும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுப்பதுதான் இந்த வால்வு. அது இல்லாவிட்டால் கூலன்ட் ரேடியேட்டர் வழியாக நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும், என்ஜின் அந்தச் சூட்டுக்கு வந்துசேர நேரமாகும். என்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டு பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும். உங்கள் மைலேஜ் போன இடம் அதுதான்.

உண்மையான காரணத்தை உங்கள் கடிதமே சொல்லிவிட்டது. ஓடும்போது காற்று தானாக ரேடியேட்டருக்குள் புகுகிறது, நின்றால் ஃபேன்தான் காற்றை இழுக்க வேண்டும். நின்றால் சூடு, ஓடினால் சரி என்றால் ஃபேன் பக்கம் பாருங்கள். (தலைகீழாக, நெரிசலில் சரியாக இருந்து நெடுஞ்சாலையில் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப் என்று போக வேண்டும்.) வண்டியை நிறுத்தி, ஏசி போட்டு, பானெட்டைத் திறந்து கேளுங்கள். ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறதா? இரண்டு ஃபேன் இருந்தால் இரண்டுமா? இரண்டு வேகம் உள்ள ஃபேனில் மெதுவான வேகம் மட்டும் வேலைசெய்துகொண்டிருப்பதும் உண்டு. சுற்றாவிட்டால் முதலில் ஃபியூஸ், பிறகு ரிலே (ஃபேனுக்கு மின்சாரத்தை விடும் சின்ன ஸ்விட்ச்). ஹாரனுக்கும் ஃபேனுக்கும் ஒரே எண் அச்சிட்ட ரிலே இருந்தால், இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஹாரன் அடிக்காமல் ஃபேன் சுற்றினால் குற்றவாளி ரிலே, அதை மாற்றினால் வேலை முடிந்தது. ரிலேயும் நல்லதாக இருந்தால் ஃபேன் மோட்டார், வயரிங், சென்சார். அதற்கு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போகலாம்.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. முகத்தில் கொதிநீர் அடித்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். இன்னொன்று, அவசரத்துக்கு என்று போர் தண்ணீரை ஊற்றாதீர்கள். நம் ஊர் போர் தண்ணீரின் உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைக்கும். பேட்டரிக்காக பங்கில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு கேன் டிக்கியில் இருக்கட்டும். இதற்கு முன் வேறு தண்ணீர் ஊற்றியிருந்தால், வால்வைப் போடும்போதே முழுவதையும் வடித்துவிட்டுப் புதுக் கூலன்ட் நிரப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: 2011 மாடல். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சைலன்சரில் நீலப்புகை வந்து, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது. ‘ரிங் போச்சு, என்ஜினை இறக்கணும்’ என்கிறார் மெக்கானிக். – பெரம்பூர் வாசகர்

பதில்: இறக்கும் முன் ஒரு கம்ப்ரஷன் டெஸ்ட் கேளுங்கள். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது, அதில் சந்தேகமில்லை. எந்த வழியாக உள்ளே போகிறது என்பதுதான் கேள்வி. இரவெல்லாம் நின்ற வண்டியில் ஸ்டார்ட் செய்த உடனே வந்து பிறகு நின்றுவிடும் புகை, பெரும்பாலும் வால்வு சீல் கசிவு. மேலிருந்து சொட்டிய ஆயில் காலையில் எரிந்து தீர்ந்துவிடுகிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருந்தால் மேட்டில் இழுக்கும்போதும் ஓவர்டேக் செய்யும்போதும் பின்னால் வருபவர் திட்டும் அளவுக்குப் புகை வரும்.

டெஸ்ட் எடுப்பது எளிது. எல்லாப் பிளக்கையும் கழற்றி, கேஜ் மாட்டி, ஒவ்வொரு சிலிண்டராக அளப்பார்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டருக்குள் பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு நன்றாக ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு பக்கம். நான்கிலும் அளவு சரியாகவே இருந்தால் ரிங் மேல் சந்தேகம் குறைவு. வால்வு சீலைப் பல என்ஜின்களில் என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக்கூட இறக்காமல், சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி வால்வைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே மாற்றலாம். ‘ஹெட் இறக்காமல் சீல் மாற்றுவீர்களா’ என்று கேட்டுப் பாருங்கள். முடியாது என்பவரிடம் ஏன் என்று கேளுங்கள், சில என்ஜின்களில் நிஜமாகவே முடியாது.

மார்கழிக் காலையில் மெல்லிய வெள்ளை ஆவி வந்து மறைவது கோளாறு இல்லை. இனிப்பான வாடையோடு வெள்ளைப்புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் எரிகிறது, ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் கார் கதவுக் கைப்பிடி வரை மூழ்கியது. வடிந்த பிறகு ஸ்டார்ட் செய்தேன், ‘டக்’ என்று ஒரே சத்தம், நின்றுவிட்டது. என்ஜின் செலவை இன்சூரன்ஸில் தரவில்லை. இந்த மழைக்கு என்ன செய்ய வேண்டும்? – முடிச்சூர் வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்து மனம் கனத்தது, ஏனென்றால் அந்த ஒரு சாவித் திருப்பலைத் தவிர்த்திருந்தால் என்ஜின் பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு நாங்கள் பார்த்த வண்டிகளிலும் இதே கதைதான். மூழ்கி அப்படியே நின்ற என்ஜின்களில் பல மீண்டு வந்தன. தண்ணீருக்குள் ஓட்டியவையும், வடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்த்தவையும்தான் உள்ளே உடைந்து வந்தன.

காற்றைப் பிஸ்டன் அழுத்தினால் அது சுருங்கும். தண்ணீர் சுருங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது செல்ஃப் அடித்தால் பிஸ்டன் பாதி வழியில் முட்டி நிற்கும், மேலே தள்ளும் கனெக்டிங் ராடு வளையும். நீங்கள் கேட்ட ‘டக்’ அதுதான். சில சமயம் ராடு லேசாக மட்டும் வளைந்து வண்டி ஓடிவிடும். பிறகு ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் குறைந்து உதறிக்கொண்டே இருக்கும், காரணம் புரியாமல் மாதக்கணக்கில் அலைவார்கள்.

மழைக்கு முன்: உங்கள் பாலிசியை எடுத்து ‘என்ஜின் புரொடெக்‌ஷன்’ என்ற கூடுதல் பாதுகாப்பு இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண முழுப் பாலிசியில் வெள்ளச் சேதம் வரும், ஆனால் தண்ணீரோடு ஸ்டார்ட் செய்ததால் உடைந்த என்ஜினை ‘பின்விளைவு’ என்று தள்ளிவிடுவார்கள். புதுப்பிக்கும்போது கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். கனமழை எச்சரிக்கை வந்தால் வண்டியை மேட்டில் கொண்டுபோய் விடுங்கள். வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தியதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கு அனுபவம் சொல்லிக்கொடுத்த பாடம். முடிச்சூரில் உயரமான இடத்தில் வீடுள்ள உறவினரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

மூழ்கிவிட்டால்: சாவியைத் திருப்பவே வேண்டாம், இக்னிஷன் ஆன்கூட வேண்டாம். தண்ணீர் எந்த அளவு ஏறியது என்ற கோடு கதவில் தெரியும்போதே போட்டோ எடுங்கள். வடிந்ததும் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றுங்கள். இன்சூரன்ஸுக்குத் தகவல் சொல்லிவிட்டுத்தான் எதையும் திறக்க வேண்டும். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து ஃபில்டர் நனைந்திருக்கிறதா என்று பார்ப்பது மட்டும் நீங்களே செய்யலாம். நனைந்திருந்தால் தண்ணீர் என்ஜின் வாசல் வரை வந்துவிட்டது. டிப்ஸ்டிக்கை உருவுங்கள். ஆயில் அளவு கூடியோ, பால் கலந்த நிறத்திலோ இருந்தால் தண்ணீர் உள்ளே போய்விட்டது. வண்டியை முழுதாக ஏற்றிக்கொண்டு போகும் டோ வண்டியில் அனுப்புங்கள், கட்டி இழுக்க விடாதீர்கள். ஒர்க்‌ஷாப்பில் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றித்தான் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். டீசலாக இருந்தால் இன்ஜெக்டரைக் கழற்ற வேண்டும். என்ஜின் ஆயிலோடு கியர்பாக்ஸ் ஆயிலையும் மாற்றச் சொல்லுங்கள், அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: காலையில் செல்ஃப் எடுக்கவில்லை, ‘டிக் டிக்’ என்று மட்டும் வருகிறது. பேட்டரியா, செல்ஃப் மோட்டாரா? – திருவொற்றியூர் வாசகர்

பதில்: வேகமாக ‘டிக் டிக் டிக்’ என்றால் அநேகமாகப் பேட்டரி சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினலில் பூத்திருக்கிறது. ஒரே ஒரு ‘டக்’ சத்தம் வந்து, விளக்குகள் மங்காமல் இருந்தால் செல்ஃப் மோட்டார். மல்ட்டிமீட்டர் இருந்தால் இரவு நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது. அதைப் பார்க்காமல் புதுப் பேட்டரி வாங்காதீர்கள். சார்ஜே ஏறாத வண்டியில் புதுப் பேட்டரியும் சீக்கிரம் படுத்துவிடும்.

கேள்வி: வெளியில் சர்வீஸ் விட்டால் வாரண்டி போய்விடும் என்று ஷோரூமில் பயமுறுத்துகிறார்கள். ஒவ்வொரு சர்வீஸிலும் டீகார்பனைசிங் (என்ஜினுக்குள் படிந்த கரியை நீக்குவது), என்ஜின் ஃப்ளஷ் என்று பில் ஏறுகிறது. – போரூர் வாசகர்

பதில்: 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. ஒரிஜினல் பார்ட்ஸும் கோளாறு பார்க்கும் கருவிகளும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காதபடி செய்தது முக்கியக் குற்றச்சாட்டு. வெளியில் வேலை பார்த்த ஒரே காரணத்துக்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்வதாக நிபந்தனை போடக்கூடாது என்றும் அந்த உத்தரவு சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின.

இது ஒரு பக்கம். நடைமுறையில், வாரண்டி இருக்கும் வரை ஷோரூமிலேயே விடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். என்ஜினில் பெரிய கோளாறு வந்தால் உங்களிடம் சர்வீஸ் வரலாறு சுத்தமாக இருக்க வேண்டும். ஆனால் சர்வீஸ் புத்தகத்தில் இல்லாத எந்த வேலைக்கும் சம்மதிக்க வேண்டியதில்லை. அந்தப் புத்தகத்தை அட்வைசர் முன்னால் திறந்து வைத்து, ‘இத்தனை கிலோமீட்டருக்கு இதில் என்ன போட்டிருக்கிறதோ அதை மட்டும் செய்யுங்கள்’ என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். நன்றாக ஓடும் புது என்ஜினுக்கு டீகார்பனைசிங் எதற்கு?

கேள்வி: பிஎஸ்-6 டீசல் எஸ்யூவி. வீட்டுக்கும் ஆபீஸுக்கும் நான்கு கிலோமீட்டர்தான். டிபிஎஃப் (புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) லைட் அடிக்கடி வருகிறது. கழற்றிவிடலாம் என்கிறார் ஒருவர். – சோழிங்கநல்லூர் வாசகர்

பதில்: கழற்றாதீர்கள். அந்த ஃபில்டர் தடுக்கும் கரி நாம் எல்லோரும் சுவாசிக்கும் காற்றில் போய்க் கலக்கும், சட்டப்படியும் தவறு. டிபிஎஃப் தன் கரியைத் தானே எரித்துக்கொள்ளும், அதற்குச் சூடு வேண்டும். நான்கு கிலோமீட்டரில், அதுவும் ஓஎம்ஆர் சிக்னல்களில், அந்தச் சூடு வராது. லைட் மட்டும் வந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈசிஆரில் மாமல்லபுரம் வரை ஒரே சீராக, 60-க்குக் குறையாமல், கொஞ்சம் தாழ்ந்த கியரில் ஓட்டுங்கள். லைட் அணையும் வரை வண்டியை ஆஃப் செய்யாதீர்கள். டிபிஎஃப் லைட்டோடு என்ஜின் லைட்டும் வந்து பிக்கப் குறைந்திருந்தால் அந்தக் கட்டம் தாண்டிவிட்டது, ஒர்க்‌ஷாப்பில் கருவி வைத்து எரிக்க வேண்டும்.

டிப்ஸ்டிக்கை மாதம் ஒருமுறை பாருங்கள். பாதியில் நின்றுபோன எரிப்பு ஒவ்வொன்றிலும் கொஞ்சம் டீசல் ஆயிலில் கலக்கும். ஆயில் அளவு குறையாமல் ஏறிக்கொண்டே போனால் சந்தோஷப்படாதீர்கள், உடனே மாற்றுங்கள். நான்கு கிலோமீட்டர் ஓட்டத்துக்கு டீசல் வண்டி பொருந்தாது. அடுத்த முறை பெட்ரோலோ எலக்ட்ரிக்கோ வாங்குங்கள்.

கேள்வி: புதுப்பேட்டையில் பார்ட்ஸ் வாங்கலாமா? – சைதாப்பேட்டை வாசகர்

பதில்: பொருளைப் பொறுத்தது. சைடு மிரர், ஹெட்லைட், கதவு, சீட் போன்றவற்றைப் பழையதாக வாங்கலாம், பார்த்த இடத்திலேயே நல்லதா கெட்டதா என்று தெரிந்துவிடும். பிரேக், டைமிங் பெல்ட், சென்சார், வாட்டர் பம்ப் எதையும் பழையதாக வாங்காதீர்கள். புதுப் பார்ட்ஸுக்கு ஜி.பி. ரோடு. அங்கே நம்பகமான கடைகள் நிறைய உண்டு. பழைய பார்ட்டைக் கையில் எடுத்துப் போங்கள், பார்ட் நம்பரை ஒப்பிடுங்கள், ஜிஎஸ்டி பில் கேளுங்கள். பில் தரத் தயங்கும் கடையில் ஸ்பார்க் பிளக்கும் ஆயில் ஃபில்டரும் வாங்கவே கூடாது, டூப்ளிகேட் அதிகம் புழங்குவது அவற்றில்தான்.

கேள்வி: வேலைக்குச் சேர்ந்து முதல் கார் வாங்கியிருக்கிறேன், செகண்ட் ஹேண்ட். என் வண்டி வேலையை நானே கற்றுக்கொண்டு செய்ய ஆசை. அபார்ட்மென்ட் பார்க்கிங்தான் இடம். எதில் தொடங்கலாம்? – பெருங்குடி வாசகர்

பதில்: உங்கள் கடிதம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. முதல் செலவு, வண்டியின் ஓனர்ஸ் மேனுவல். பழைய ஓனரிடம் வாங்குங்கள், கிடைக்காவிட்டால் நிறுவனத்தின் தளத்தில் இறக்கிக்கொள்ளலாம். அடுத்து ஒரு நல்ல சாக்கெட் செட், டார்க் ரெஞ்ச், மல்ட்டிமீட்டர், ஓபிடி கருவி. மலிவான ஸ்பேனர் போல்ட் தலையை வழித்துவிடும், அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர், வைப்பர், பல்பு, ஃபியூஸ், பேட்டரி டெர்மினல் சுத்தம் செய்வது, இவற்றில் தொடங்குங்கள். கை பழகியதும் பிளக்கும் காயிலும். பிளக்கை என்ஜின் ஆறிய பிறகே கழற்றுங்கள். போடும்போது முதல் சில சுற்றுகளை விரலாலேயே திருகுங்கள், ஸ்பேனர் அப்புறம். ஹெட் அலுமினியம், கோணலாக ஏற்றினால் மரை போய்விடும், நாற்பது நிமிட வேலை லேத் வரை போகும்.

ஆயில் மாற்றுவதற்கு அபார்ட்மென்ட் பார்க்கிங் தோதான இடம் இல்லை. ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே போகாதீர்கள், ஜாக்கி ஸ்டாண்ட் வைத்தே ஆக வேண்டும். வடித்த ஆயிலைக் கால்வாயில் ஊற்றினால் அது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குத்தான் போகும். ஆகவே அதை ஷெட்டில் செய்யுங்கள், ஆயிலை நீங்களே வாங்கிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று பாருங்கள். நல்ல மெக்கானிக் தடுக்க மாட்டார்.

கை வைக்கக் கூடாதவை: டைமிங் பெல்ட் அல்லது செயின், பிரேக், ஏர்பேக், ஏசி கேஸ், ஹைப்ரிட் வண்டியின் ஆரஞ்சு நிற கேபிள்கள், டீசல் காமன் ரெயில் குழாய்கள். அந்தக் குழாய்களில் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் இருக்கும். ஓடும் என்ஜினில் கசிவைத் தேடி விரலை நீட்டினால் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு போகும். வீடியோவில் எவ்வளவு எளிதாகத் தெரிந்தாலும் வேண்டாம்.

கேள்வி: கார் நின்றபடி என்ஜின் மட்டும் ஓடும்போது ‘கர்ர்’ என்று ஒரு சத்தம் வருகிறது. கிளட்சை மிதித்தால் நின்றுவிடுகிறது, விட்டால் திரும்ப வருகிறது. இரண்டு ஷெட்டில் காட்டினேன். ‘பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும் மேடம்’ என்றார் ஒருவர். இன்னொருவர் ஓட்டிப் பார்க்காமலே கிளட்ச் செட் முழுவதையும் மாற்றச் சொன்னார். நல்ல மெக்கானிக்கை எப்படிக் கண்டுபிடிப்பது? – நங்கநல்லூர் வாசகி

பதில்: நீங்கள் கவனித்து எழுதிய அந்த ஒரு வரி, இரண்டு ஷெட்டிலும் யாரும் செய்யாத வேலை. கிளட்சை மிதிக்கும்போது கியர்பாக்ஸுக்குள் போகும் ஷாஃப்ட் சுற்றுவது நின்றுவிடும். அப்போது சத்தமும் நிற்கிறது என்றால், சந்தேகம் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங் மேல். மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால்தான் கிளட்ச் ரிலீஸ் பேரிங். உங்களுக்குச் சொல்லப்பட்ட கிளட்ச் செட்டை மாற்றியிருந்தால் பணமும் போய், சத்தமும் இருந்திருக்கும்.

நல்ல மெக்கானிக் முதலில் கேள்வி கேட்பார். எப்போது வருகிறது, சூடான பிறகா, எந்த கியரில், கடைசியாக என்ன வேலை நடந்தது என்று. உங்களைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டுவார். தெரியாவிட்டால் ‘இரண்டு நாள் விடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்’ என்பார், பார்ப்பதற்கு ஒரு கட்டணம் கேட்பார். அதைத் தயங்காமல் கொடுங்கள். கண்டுபிடிக்கும் உழைப்புக்குப் பணம் கொடுக்காத ஊரில்தான் பார்ட்ஸ் விற்றுப் பிழைக்கும் ஷெட்கள் பெருகுகின்றன. கழற்றிய பழைய பார்ட்டைக் கேட்காமலே உங்கள் டிக்கியில் வைத்திருப்பார். பெரிய தொகை என்றால் வேலை தொடங்கும் முன் போன் செய்வார். ஷெட் சின்னதா பெரியதா, வாசலில் போர்டு இருக்கிறதா என்பதெல்லாம் எனக்கு முக்கியமில்லை. பெண் என்பதால் மேலோட்டமாகப் பதில் சொல்லி அனுப்புகிற இடத்தில் இரண்டாவது முறை கால் வைக்காதீர்கள்.

இப்போதைக்கு, கியர்பாக்ஸ் ஆயில் அளவையும் நிறத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். குறைந்திருந்தால் எங்கே கசிகிறது என்று கண்டுபிடித்து, சரியான தர ஆயிலை நிரப்பிவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். வடித்த ஆயிலில் மினுமினுவென்று இரும்புத் தூள் தெரிந்தால் தள்ளிப்போடாமல் பேரிங்கை மாற்றிவிடுங்கள். அதற்காகக் கியர்பாக்ஸை இறக்கும்போது கிளட்ச் பிளேட்டையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். தேய்ந்திருந்தால் அப்போதே மாற்றிவிட்டால் இரண்டாவது லேபர் மிச்சம். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.